எதிர்பாராத தேர்தல் முடிவை வாசிப்பது எப்படி: 2024ஐ முன்வைத்து ஒரு வழிகாட்டி

2024 நவம்பர் 15ஆம் திகதி பௌர்ணமி விடுமுறை நாள். முதல்நாள் நடந்த இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலின் முடிவுகள் விடியும்போதே வந்து சேர்ந்திருந்தன. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழே இருக்கும் கடையில் பால் வாங்க நின்றவர்கள் நாடு முழுவதன் முடிவைப் பற்றிப் பேசவில்லை. யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை, தென்னிலங்கையைத் தளமாகக் கொண்ட, அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி பெற்றுவிட்டது என்ற ஒன்றைப் பற்றியே பேசினார்கள். “யாழ்ப்பாணம் மாறிவிட்டது” என்றார் ஒருவர். “எங்கள் சனம் எங்களைக் கைவிட்டுவிட்டது” என்றார் இன்னொருவர். இருவரும் அதுவரை ஒரு வாக்கு அட்டவணையையும் திறந்து பார்த்திருக்கவில்லை.

அன்றிலிருந்து என்னிடம் இதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லிவரும் முறையை இங்கே எழுதுகிறேன். இதற்குக் கணிதப் புலமை தேவையில்லை. தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிடும் மாவட்ட முடிவுகள், முன்னைய தேர்தலின் அதே அட்டவணை, ஒரு கொப்பி, ஒரு பேனை, அரை நாள் பொறுமை ஆகியவை போதும். ஏன் என்ற கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பதுதான் இதில் கடினமான பகுதி, ஏனெனில் எல்லோரும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள்.

முதல் வேலை: எது வியப்பளித்தது என்று எழுதுதல்

கொப்பியின் முதல் பக்கத்தில், நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டு வரிகளை எழுதுங்கள். எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் அதன் பக்கத்தில் குறியுங்கள். 2024இல் பெரும்பாலானோரின் எதிர்பார்ப்பு, 2020 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 3.84 சதவீத வாக்குகளுடன் மூன்றே ஆசனங்களைப் பெற்றது என்ற நினைவிலிருந்து வந்தது. அந்த நினைவு சரியானது. ஆனால் அதற்கு நான்கு வயது ஆகியிருந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. மாகாண சபைகளும் பல ஆண்டுகளாகத் தேர்தலின்றிக் கிடந்தன. பொருளாதாரம் சரிந்து, எரிபொருள் வரிசைகள் நீண்டு, 2022 யூலையில் ஒரு ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகிய பிறகும், மக்கள் மனம் எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது என்பதை அளந்து பார்க்க நாடு தழுவிய ஒரு வாக்களிப்பும் 2024 செப்டெம்பர் வரை நடக்கவில்லை. ஆகவே, மாற்றம் ஒரே இரவில் நிகழ்ந்ததாகத் தோன்றியதற்கு, இடையில் அளவெடுக்கப்படாததே ஒரு பெரிய காரணமாகும். 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுன முன்னணிக்கு வந்ததைக் கண்டிருந்தவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல் முடிவு அத்தனை அதிர்ச்சியாக இருக்கவில்லை என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சதவீதத்திலிருந்து எண்ணிக்கைக்கு

தலைப்புச் செய்திகள் சதவீதத்தில் வருகின்றன. நாம் வாசிக்க வேண்டியது வாக்குகளின் எண்ணிக்கையை. ஜனாதிபதித் தேர்தலையும் அதற்குப் பின் விரைவாக வந்த பாராளுமன்றத் தேர்தலையும் மூன்று முறை சோடியாக வைத்துப் பார்த்தால் இதன் பயன் தெரியும். 2010 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச 60 இலட்சம் வாக்குகளுடன் 57.88 சதவீதம் பெற்றார். ஏப்ரலில் அவரது கூட்டணி 60.33 சதவீதமாக உயர்ந்தது, ஆனால் வாக்குகளோ 48 இலட்சமாகக் குறைந்திருந்தன. 2019இல் கோட்டாபய ராஜபக்ச 69.24 இலட்சம் வாக்குகளுடன் 52.25 சதவீதம் பெற்றார். 2020 ஓகஸ்டில் அவரது கட்சி 59.09 சதவீதத்துக்கு ஏறியபோது அதன் வாக்குகள் 68.53 இலட்சமாகச் சற்றே இறங்கியிருந்தன. அதாவது, வெற்றி பெற்றவரின் சதவீதம் அடுத்த தேர்தலில் ஏறுவது நம் நாட்டில் முன்பும் நடந்த ஒன்று. வென்றவர் பக்கம் புதிதாக மக்கள் சேர்ந்ததைவிட, தோற்றவர் பக்கம் மனம் சோர்ந்து வீட்டில் இருந்துவிட்டதே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது 2024ஐ அதே கோட்டில் எழுதுங்கள். செப்டெம்பர் 21இல் அநுர குமார திசாநாயக்க 5,634,915 வாக்குகளைப் பெற்றார், அது 42.31 சதவீதம். நவம்பர் 14இல் அவரது கட்சி 6,863,186 வாக்குகளைப் பெற்றது, அது 61.56 சதவீதம். சதவீதம் ஏறியது முன்பும் நடந்ததுதான். ஆனால் வாக்களித்தோரின் தொகை 1 கோடி 36 இலட்சத்திலிருந்து 1 கோடி 18 இலட்சமாகக் குறைந்த ஒரு தேர்தலில், வென்ற கட்சியின் வாக்குகள் 12 இலட்சத்துக்கும் மேலாகக் கூடியிருக்கின்றன. முன்னைய இரு சோடிகளிலும் இது நடக்கவில்லை. நவம்பர் முடிவில் உண்மையாகவே வியக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கணிப்பு. 159 ஆசனங்கள் என்ற எண் அதற்கு அடுத்தபடியாகவே வரும்.

செப்டெம்பரின் வியப்பை வேறு திசையிலிருந்து பார்க்க வேண்டும். 2019இல் 418,553 வாக்குகளைப் பெற்ற ஒருவர் ஐந்தே ஆண்டுகளில் 56 இலட்சத்துக்கு எப்படி வந்தார் என்றே எல்லோரும் கேட்டார்கள். அதே அட்டவணையின் மறுபக்கத்தில், 2019இல் 69 இலட்சம் வாக்குகளைத் திரட்டிய கட்சியின் வேட்பாளராக 2024இல் நின்ற நாமல் ராஜபக்ச பெற்றவை 342,781 வாக்குகள் மட்டுமே. ஏறத்தாழ 66 இலட்சம் வாக்குகள் தங்கள் பழைய கட்சியை விட்டு வெளியே நின்றன. ஒரு சிறிய கட்சி வளர்ந்த கதையை மட்டும் எழுதி, ஒரு பெரிய கட்சி சிதைந்த கதையை எழுதாமல் விட்டால் அந்த முடிவு மாயம் போலத்தான் தோன்றும்.

ஆசனக் கணக்கைக் கையால் செய்து பாருங்கள்

யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் அன்று காலை கடையடியில் எழுந்த மனவருத்தம் முழுவதும் இந்தக் கணக்கைத் தெரியாததால் வந்தது.

நம் தேர்தல் முறையில், ஒரு மாவட்டத்தில் அதிக வாக்குகளைப் பெற்ற கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம் கொடுக்கப்படுகிறது. பின்னர் செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தை எட்டாத கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் கழிக்கப்படுகின்றன. எஞ்சிய கட்சிகளின் மொத்த வாக்குகளை, எஞ்சிய ஆசனங்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஓர் ஆசனத்துக்குரிய வாக்குத்தொகையைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் தொகை எத்தனை தடவை ஒரு கட்சியின் வாக்குகளில் அடங்குகிறதோ அத்தனை ஆசனங்கள் அதற்குக் கிடைக்கும். அதன் பிறகும் ஆசனங்கள் மிஞ்சினால், மிகுதி வாக்குகள் அதிகமாக உள்ளவர்களுக்கு வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போகும்.

யாழ்ப்பாணத்தில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளையும், வீட்டுச் சின்னத்தில் நின்ற இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327 வாக்குகளையும், அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986 வாக்குகளையும், 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855 வாக்குகளையும், சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513 வாக்குகளையும் பெற்றன. ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியும் 5 சதவீதத்தை மயிரிழையில் தாண்டியது. இந்த ஆறின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம். போனஸ் போக மிஞ்சிய ஐந்து ஆசனங்களால் அதை வகுத்தால், ஓர் ஆசனத்தின் விலை சுமார் 48 ஆயிரம் வாக்குகள். முதற் சுற்றில் திசைகாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மிகுதி வாக்குகளைப் பாருங்கள்: திசைகாட்டிக்கு 32 ஆயிரத்துக்கும் மேல், காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் தலா 27 ஆயிரத்துக்கு மேல், வீட்டுக்கோ 15 ஆயிரம் அளவு. ஆகவே மிஞ்சிய மூன்று ஆசனங்களும் முதல் மூவருக்குப் போயின. போனசுடன் சேர்த்துத் தேசிய மக்கள் சக்திக்கு மூன்று ஆசனங்கள் ஆனது இப்படித்தான்.

அந்தக் கட்சியின் வாக்கு வீதம் 24.85. நான்கு செல்லுபடியான வாக்குகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. மூன்று வேறிடங்களுக்குப் போயின. ஆசனங்களிலோ பாதி அதற்குக் கிடைத்தது. “யாழ்ப்பாணம் மாறிவிட்டது” என்று சொல்பவர் ஆசனத்தைப் பார்த்துச் சொல்கிறார். “ஒன்றும் மாறவில்லை” என்று சொல்ல விரும்புபவர் வாக்கு வீதத்தைக் காட்டுவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மையான வாசிப்பு ஆகாது.

ஒரு பயிற்சியாக, கணக்கை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 2020இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒன்றாக நின்ற முக்கிய கட்சிகளே 2024இல் வீடு என்றும் சங்கு என்றும் பிரிந்து நின்றன. அவ்விரண்டின் வாக்குகளையும் கூட்டினால் 85,840 வருகிறது. அது 80,830ஐவிட அதிகம் என்பதால் போனஸ் ஆசனம் கைமாறியிருக்கும். மிகுதிக் கணக்கும் மாறி, அந்தக் கூட்டுக்கு மூன்றும், தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும், காங்கிரசுக்கு ஒன்றும் கிடைத்திருக்கும். ஒரு வாக்காளரின் மனமும் மாறாமலே நாடு முழுவதும் பேசிய தலைப்புச் செய்தி மாறியிருக்கும். சேர்ந்து நின்றிருந்தால் அத்தனை பேரும் அப்படியே வாக்களித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பிரிவைக் கண்டு வெறுத்தவர்கள் இருந்ததுபோல், சேர்க்கையைக் கண்டு விலகியிருப்பவர்களும் இருக்கலாம். ஆயினும் முடிவின் எவ்வளவு பகுதி மக்களின் மனத்திலிருந்தும், எவ்வளவு பகுதி கட்சிகளின் பிரிவிலிருந்தும் வந்தது என்பதைப் பிரித்தறிய இந்தப் பயிற்சியைப் போல் உதவுவது வேறில்லை. ஆறு ஆசனங்களுக்கு 44 பட்டியல்களில் 396 வேட்பாளர்கள் நின்ற மாவட்டம் அது.

இன்னொரு சிறு குறிப்பு: 2020இல் யாழ்ப்பாணத்துக்கு ஏழு ஆசனங்கள் இருந்தன, 2024இல் ஆறுதான். நம் கொழும்பு மாவட்டத்துக்கும் 19 ஆக இருந்தது 18 ஆகியது. இரண்டு தேர்தல்களின் ஆசனங்களை ஒப்பிடுமுன் இதைச் சரிபார்க்கவும்.

அதே வாக்குகள் முன்பு எங்கே இருந்தன?

யாழ்ப்பாணத்தில் நாடு தழுவிய கட்சி ஒன்றுக்கு இவ்வளவு வாக்குகள் விழுந்ததே இல்லை என்ற பேச்சும் அன்று கேட்டது. 2020 அட்டவணையைத் திறந்தால், அங்கே ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 49,373 வாக்குகளும், கொழும்பு அரசாங்கங்களுடன் சேர்ந்து நடந்துவந்த ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு 45,797 வாக்குகளும் இருக்கின்றன. கூட்டினால் 95 ஆயிரத்துக்கும் மேல். கொழும்பில் ஆட்சியில் இருப்பவர்களுடன் இணைந்து வேலை வாய்ப்பையும் வீதியையும் கேட்டுப் பெறலாம் என்று எண்ணும் வாக்காளர் தொகுதி ஒன்று யாழ்ப்பாணத்தில் முன்பே இருந்தது. 2024இல் அது வேறு வாய்க்காலில் ஓடியிருக்கக்கூடும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. இதை நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்லிவிட முடியாது, ஏனெனில் வாக்குச் சீட்டில் பெயர் இல்லை. யார் எங்கிருந்து எங்கே போனார் என்பதை மாவட்ட அட்டவணை எக்காலத்திலும் சொல்லாது. சொல்லும் அளவு என்னவோ அதோடு நிற்க வேண்டும்.

ஆயினும் மாற்றமே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். 2024 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்க பெற்றவை 27,086 வாக்குகள். எட்டு வாரங்களுக்குள் அவரது கட்சி அதைப்போல மூன்று மடங்கைப் பெற்றது. வீட்டுச் சின்னம் 2020இல் பெற்ற 112,967 வாக்குகளோடு, பிரிந்து நின்ற இரண்டின் 85,840ஐ ஒப்பிட்டால், அங்கேயும் 27 ஆயிரம் குறைவு தெரிகிறது. ஆசனக் கணக்கைக் கழித்துவிட்ட பிறகும் எஞ்சுகின்ற இந்த அசைவுக்குத்தான் அரசியல் விளக்கம் தேவைப்படுகிறது.

வராதவர்களையும் எண்ணுங்கள்

நல்லூரில் இருக்கும் என் பெரியப்பா வாழ்நாள் முழுவதும் ஒரே சின்னத்துக்கு வாக்களித்தவர். நவம்பரில் அவர் வாக்களிப்பு நிலையத்துக்கே போகவில்லை. வருத்தம் ஏதும் உடம்புக்கா என்று கேட்டேன். “உடம்புக்கு ஒன்றுமில்லை, தம்பி. இத்தனை பட்டியலைக் கண்டதும் மனம் விட்டுப்போச்சு” என்றார். அவரைப் போன்றவர்கள் எந்தக் கட்சியின் நிரலிலும் வரமாட்டார்கள். வாக்களிப்பு வீதம் என்ற ஒரே எண்ணுக்குள் மறைந்திருப்பார்கள். நாடு முழுவதும் அந்த எண் செப்டெம்பரில் 79.46 ஆக இருந்து நவம்பரில் 68.93 ஆக இறங்கியது. இரண்டாம் இடத்துக்கு வந்த சஜித் பிரேமதாச செப்டெம்பரில் பெற்ற வாக்குகளைவிட அவரது கட்சி நவம்பரில் பெற்றவை 24 இலட்சம் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

வராமை முடிவையே நிர்ணயித்த தேர்தலும் நமக்குத் தெரியும். 2005இல் ஜனாதிபதியைத் தீர்மானித்த வித்தியாசம் 180,786 வாக்குகள். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்களிப்பு வீதம் ஏறத்தாழ 1.2 மட்டுமே.

நிராகரிக்கப்பட்ட வாக்குகளின் வரியையும் தாண்டிப் போகாதீர்கள். 2024 செப்டெம்பரில் 300,300 ஆக இருந்த அந்த எண் நவம்பரில் 667,240 ஆனது. பாராளுமன்ற வாக்குச் சீட்டு நீளமானது, விருப்பு வாக்கு இலக்கங்களும் அதில் இருக்கின்றன என்பதால் ஓரளவு கூடுவது இயல்பே. ஆனாலும் வாக்களிப்பு நிலையம் வரை நடந்துபோன ஆறரை இலட்சம் பேரின் கருத்து எண்ணப்படாமல் போயிருக்கிறது என்பது சிறிய விடயம் அல்ல. இதை எங்கள் பிள்ளைகளுக்குச் சீட்டு மாதிரியை வைத்து வீட்டிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரவு முடிவுகளைப் பற்றிச் சுருக்கமாக

தபால் மூல வாக்குகள் முதலில் வெளிவருகின்றன. அவற்றை அளிப்பவர்களில் பெரும்பாலோர் அரச ஊழியர்களும் படைத்தரப்பினரும். செப்டெம்பர் 21 இரவு ஊரடங்கு போடப்பட்டிருந்ததால் வீட்டுக்குள்ளேயே இருந்து முடிவுகளைப் பார்த்தவர்கள், தொடக்கத்தில் பாதிக்கு மேல் நின்ற முன்னணி வேட்பாளரின் வீதம் மறுநாள் 42இல் வந்து நின்றதைக் கண்டு சந்தேகப்பட்டார்கள். அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. வாக்குகள் வந்த ஒழுங்கு அப்படி. மாவட்டங்கள் எல்லாம் வந்து முடியும்வரை கொப்பியில் பென்சிலால் மட்டுமே எழுதுங்கள்.

எவரும் பாதியைத் தாண்டாததால் அன்று முதற் தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்புகள் எண்ணப்பட்டன. போட்டியிலிருந்து விலக்கப்பட்ட ஏனைய வேட்பாளர்களின் 33 இலட்சம் வாக்குகளிலிருந்து முதல் இருவருக்கும் சேர்ந்தவை 2 இலட்சத்து 73 ஆயிரம் மாத்திரமே. பெரும்பாலானோர் இரண்டாம் விருப்பைக் குறிக்கவில்லை, அல்லது குறித்தது அந்த இருவருக்கும் உதவவில்லை.

இதன் பிறகே காரணம்

மேலே சொன்னவற்றை எல்லாம் கழித்த பின் எஞ்சுவதற்கு மட்டும் காரணம் தேடுங்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, “இது உண்மையானால் அட்டவணையில் எங்கே தெரிய வேண்டும்?” என்று எழுதுங்கள். பொருளாதார நெருக்கடியே காரணம் என்றால், பழைய ஆளும் கட்சியின் சரிவு சில இடங்களில் மட்டுமல்ல, நாடெங்கும் தெரிய வேண்டும், அப்படித்தான் தெரிகிறது. தமிழ் வாக்காளர்கள் அனைவரும் தேசிய உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார்கள் என்பது காரணமானால், வடக்கைப் போலவே மட்டக்களப்பிலும் தெரிய வேண்டும். ஆனால் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு, அங்கே தமிழரசுக் கட்சி ஐந்தில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. இந்த ஒரு வரி, அன்று கடையடியில் சொல்லப்பட்ட பெரிய வாக்கியங்கள் பலவற்றைத் தள்ளிவைக்கப் போதுமானது.

கொழும்பில் வாழும் நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்று ஒவ்வொரு பகுதியிலும் தமிழ் பேசுவோரின் தொழிலும் பூர்வீகமும் வேறு. நம் தொடர்மாடியில் கேட்டதை வைத்து “தமிழர் இப்படி நினைக்கிறார்கள்” என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வடக்கில் வாக்குரிமை இல்லாத நாம், அங்கே வாழ்பவர்களின் தீர்ப்பைக் காட்டிக்கொடுப்பு என்றோ விடுதலை என்றோ பெயரிடுமுன், அவர்கள் ஒவ்வொருவரும் எதை எண்ணி வாக்களித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எழுதியதை அடுத்த தேர்தலோடு வைத்துச் சரிபார்த்தல்

கொப்பியை மூடுமுன், உங்கள் விளக்கத்தின்படி அடுத்த தேர்தலில் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதித் திகதியிடுங்கள். நான் 2024 நவம்பரில் எழுதியது இதுதான்: “யாழ்ப்பாணத்தின் 80 ஆயிரத்தில் பெரும்பகுதி இரவல் வாக்கு, உள்ளூர்ப் பிரச்சினைக்கான தேர்தலில் வீடு மீண்டும் முன்னுக்கு வரும்.” 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி முன்னணிக்கு வந்தது. நாடு முழுவதும் தேசிய மக்கள் சக்தியின் வீதம் 43.26 ஆக இறங்கியது. கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் அதற்குக் கிடைத்தவை 48.

என் வரி பலித்துவிட்டது என்று அதன் பக்கத்தில் சரி அடையாளம் இடப்போனேன், பின்னர் நிறுத்திக்கொண்டேன். உள்ளூராட்சித் தேர்தலில் 60 சதவீத உறுப்பினர்கள் வட்டார முறையில் தெரிவாகிறார்கள். ஊரில் தெரிந்த முகத்துக்கு விழும் வாக்கு அங்கே அதிகம். வாக்களித்தோரின் தொகையும் நவம்பரைவிடக் குறைவு. நவம்பரின் 61.56ஐயும் மேயின் 43.26ஐயும் நேருக்கு நேர் வைத்து வீழ்ச்சி என்று சொல்வது, செப்டெம்பரின் 42.31ஐயும் நவம்பரின் 61.56ஐயும் மட்டும் வைத்து அலை என்று சொல்வதைப் போன்ற தவறுதான். சரி அடையாளத்துக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறியை இட்டு, பக்கத்தில் “பாராளுமன்றத் தேர்தலோடு மட்டும் ஒப்பிடவும்” என்று எழுதி வைத்திருக்கிறேன்.